ஃபுகுஷிமா மீனும் சீசியமும்

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் ஆழிப்பேரலையால் சிதைந்தபோது கடலில் கலந்த கதிரியக்கப் பொருள்களுள், பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் சீசியம்-137தான் மீனுண்போரை நெடுங்காலம் அஞ்சவைத்தது. பொட்டாசியத்தை ஒத்த இயல்பால் அது மீனின் தசையில் சேர்கிறது; எனினும் உப்புநீரை இடைவிடாது குடித்து மிகையான உப்பை வெளியேற்றும் கடல்மீன்கள் அதனையும் படிப்படியாக இழந்துவிட, உப்பைக் காத்துவைக்கவேண்டிய நன்னீர் மீன்களில் அது நெடுநாள் தங்குகிறது. 2012 ஏப்ரலில் ஜப்பானில் பொது உணவுக்கான சீசிய வரம்பு கிலோவுக்கு 100 பெக்கெரலாக, அதாவது நொடிக்கு 100 அணுச்சிதைவுகளாக, இறுக்கப்பட்டது. 2023 மே மாதம் நிலையத்தின் துறைமுகத்துக்குள் பிடிபட்ட பாறைமீன் ஒன்றிலோ கிலோவுக்கு 18,000 பெக்கெரல் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கிய, நிலையத்தின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடும் பணியைக் காரணங்காட்டிச் சீனா ஜப்பானியக் கடலுணவைத் தடைசெய்தது. ஆனால் அந்நீரில் எஞ்சும் டிரிட்டியம் எனும் கதிரியக்க ஹைட்ரஜன் பெரும்பாலும் நீரோடு நீராய் உடலைவிட்டு நீங்குவதால், சீசியத்தைப் பற்றிய அச்சத்தை அப்படியே அதன்மேல் ஏற்றுவது பொருந்தாது.