வாள்வீச்சு எனும் விவேகக் கலை

வாள் என்றதும் நம் நினைவுக்கு வருவது யுத்தம்தான். உஹத் யுத்தத்தைப் படிக்கும்போது, வாளேந்தி நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்ற உம்மு உமாரா (ரழி) அவர்களையும் நாம் நினைவுகூர்கிறோம். இன்றோ வாள் விளையாட்டரங்குக்கு வந்துவிட்டது. 1896இல் ஏதென்ஸில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் தொடக்கம் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் வாள்வீச்சு இடம்பெற்று வருகிறது.

இதில் மூன்று வகை வாள்கள் உண்டு. ஃபொயில் வாளின் முனையால் எதிராளியின் உடலின் நடுப்பகுதியைத் தொட வேண்டும். கை, கால்களில் பட்டால் புள்ளி இல்லை. எப்பே வாளின் முனையால் உச்சி முதல் பாதம் வரை எங்கும் தொடலாம். சேபர் வாளில் முனையோடு அலகையும் பயன்படுத்தலாம். ஆனால் இடுப்புக்கு மேலே மட்டும்தான் தொடலாம். 14 மீற்றர் நீளமான ஒடுங்கிய தளத்தில் போட்டி நடைபெறும். வாள் பட்டவுடன் மின்விளக்கு எரியும்.

சேபர் போட்டியில் இருவரது விளக்குகளும் ஒன்றாக எரிவது வழமை. அப்போது புள்ளி யாருக்கு? தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே. மற்றவர் அந்த வாளைத் தட்டித் தடுத்த பின்னர் திருப்பித் தாக்கினால்தான் புள்ளி அவர் பக்கம் திரும்பும். அல்லது ஓர் அடி பின்வாங்கி, எதிராளியின் வீச்சை வெறுங்காற்றில் விழச் செய்ய வேண்டும். ஆகவே, ஆவேசமாக வாளைச் சுழற்றுபவர் தோற்றுப் போவார். எதிராளியின் பாதத்தைக் கவனித்து, இடைவெளியை அளந்து, கணப்பொழுதில் முடிவெடுப்பவரே வெல்வார். அரைக் கிலோ நிறைகூட இல்லாத வாளைத் தூக்கப் பெரும் உடல்வலிமை தேவையில்லை.

ஆபத்தில்லையா என்று பெற்றோர் கேட்கலாம். 1982இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் வாள் முறிந்து முகக்கவசத்தைத் துளைத்ததால், சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதன் பின்னரே வாள், முகக்கவசம், அங்கி ஆகியவற்றின் பாதுகாப்பு விதிகள் மிகவும் இறுக்கமாக்கப்பட்டன.

பெண்களுக்கு இந்தக் கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஃபொயில் 1924இலும், எப்பே 1996இலும், சேபர் 2004இலும் சேர்க்கப்பட்டன. ஆண்களுக்கு சேபர் 1896இலேயே இருந்தது!

அந்த சேபரில்தான் இரு பெண்கள் சரித்திரம் படைத்தனர். ஐக்கிய அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் 13 வயதில் வாள்வீச்சில் சேர்ந்தார். உடல் முழுவதையும் மறைக்கும் உடையோடு மாணவர்கள் இதைப் பயில்வதைக் கண்ட அவரது தாயாரே அவரை ஊக்குவித்தார். 2016 றியோ ஒலிம்பிக்கில் ஹிஜாப் அணிந்தபடியே குழு நிலையில் வெண்கலப் பதக்கம் வென்றார். சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, மூங்கில் கம்புகளால் பயிற்சியைத் தொடங்கியவர். ஒலிம்பிக் வாள்வீச்சில் பங்குபற்றிய முதல் இந்தியர் அவரே. டோக்கியோவில் தனது முதல் போட்டியில் 15-3 என வென்றார்.

உயர் வகுப்புக்கு வந்ததும், உடையைக் காரணம் காட்டி மைதானத்தை விட்டு விலகும் தோழியர் நம்மிடையே பலர் உள்ளனர். பெற்றோரும் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். இப்திஹாஜின் தாயார் தன் மகளை விளையாட்டிலிருந்து நிறுத்தவில்லை. மகளின் உடைக்குப் பொருந்தும் விளையாட்டைத் தேடிக் கொடுத்தார். அது வாள்வீச்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளிலும் அந்தத் தேடல் தொடங்கட்டும்.