ஒருவருக்குப் பொருந்தும் டூபா மற்றவருக்கு ஏன் பொருந்துவதில்லை?

சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டூபா என்னும் பித்தளை ஊதுகருவியை வாசித்தவர் அர்னால்ட் ஜேக்கப்ஸ். அவருடைய புகழ்பெற்ற யார்க் டூபா, 1930களில் பிலடெல்பியா இசைக்குழுவின் பிலிப் டோனடெல்லிக்காகச் செய்யப்பட்டது. பருத்த உடல்வாகு கொண்ட டோனடெல்லிக்கு அதை அணைத்து வாசிப்பது சிரமமாக இருந்ததாம். அப்போது மாணவராக இருந்த ஜேக்கப்ஸ் அதை 175 டாலருக்கு வாங்கிக்கொண்டார். இன்றும் பல நிறுவனங்கள் அதைப் பார்த்தே டூபா செய்கின்றன.

டூபாக்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும் இடங்களில் குழாயின் நீளம்தான் முதலாவது. 'எஃப்' டூபாவில் சுமார் 3.7 மீட்டர், 'சி' டூபாவில் 4.9 மீட்டர். நீளமும் அகலமும் கூடினால் அடித்தளச் சுரம் நிறைந்து ஒலிக்கும். ஆனால் உரத்த கீழ்ச்சுரங்களுக்கு மூச்சு மளமளவெனத் தீரும். மேல்சுரங்களுக்குச் சிறிய டூபாவே பத்திரம்.

பலர் கவனிக்காத இடம் வால்வு. 'சி' டூபாவில் இரண்டாம் வால்வு சுமார் 29 செ.மீ. குழாயைக் கூட்டி, சுரத்தை அரைப்படி இறக்கும். முதல் வால்வையும் சேர்த்து அழுத்தினால் குழாய் ஏற்கெனவே நீண்டிருக்கும். இப்போது அதே அரைப்படிக்கு 33 செ.மீ. வேண்டும். குறைகிற 4 செ.மீ.யால் சுரம் ஏறிவிடும். உதட்டாலோ, இடது கையால் நகர்குழாயை இழுத்தோ அதைச் சரிக்கட்டுகிறார்கள்.

ஆகவே கடையில் முழங்கும் ஒலியில் மயங்குவதைவிட, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஊதுவாய் உதட்டுக்கு வருகிறதா, நகர்குழாய் கைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பதையே நான் முதலில் வைப்பேன்.