ரோஜாத் தேன்: புளிக்காமல் தயாரிப்பது எப்படி?

பன்னீர் ரோஜா விலை இறங்கும் நாட்களில், மீதமாகும் பூவைத் தேனில் ஊறவைத்து மதிப்புக்கூட்டலாம். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஈரம். தேனில் நீர்ச்சத்து 20 சதவீதத்தைத் தாண்டினால் புளிக்கத் தொடங்கும். பச்சை இதழைப் போட்டால் அதிலுள்ள நீர் தேனில் இறங்கிவிடும். அதனால் உலர்ந்த இதழே பாதுகாப்பானது.

பூச்சிமருந்து தெளிக்காத பூவாகப் பார்த்து, காலையில் பனி உலர்ந்ததும் பறியுங்கள். இதழ்களை நிழலில் பரப்பி, கையில் நொறுங்கும் வரை உலர்த்துங்கள். தேனும் மெழுகு மூடிய அடையில் எடுத்ததாக இருக்கட்டும்; மூடாத அடைத் தேனில் நீர் அதிகம்.

ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் பாதியளவு இதழ் போட்டு, அது மூழ்கும்வரை தேன் ஊற்றுங்கள். அடுப்பில் சூடாக்க வேண்டாம். தினமும் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் மணம் இறங்கியதும் துணியில் வடிகட்டுங்கள். நுரையும் புளித்த வாடையும் வந்தால் பயன்படுத்தாதீர்கள்.

தோசை, வெதுவெதுப்பான பாலுடன் சாப்பிடலாம். முகத்தில் மெல்லியதாகத் தடவி 15 நிமிடத்தில் கழுவினால் சருமம் மென்மையாகும். முதலில் மணிக்கட்டில் தடவி, ஒவ்வாமை இல்லையென உறுதிசெய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது.

விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அவசியம். முதலில் ஒரு பாட்டில் போட்டுப் பாருங்கள்.