தங்கத்தூளும் பச்சைப் பெட்டியும்

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. அதே அளவுள்ள தங்கக்கட்டியை உங்களால் தூக்க முடியுமா? அதன் எடை 19 கிலோவுக்கும் மேல்! தங்கத்துக்கு அடர்த்தி அவ்வளவு அதிகம்.

இந்தக் கனத்தால்தான் ஒரு கம்பெனியே பிறந்தது.

1848இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மர அறுவை ஆலை ஒன்றின் வாய்க்காலில் தங்கத் துகள்கள் மின்னின. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தார்கள். ஆற்று மணலைத் தட்டில் அள்ளி, தண்ணீர் விட்டுச் சுழற்றினார்கள். லேசான மணல் வழிந்தோட, கனமான தங்கம் அடியில் தங்கிவிடும்.

தங்கம் கிடைத்துவிட்டது, அதை வீட்டுக்கு அனுப்புவது எப்படி? குடும்பமோ கண்டத்தின் மறுகோடியில், நியூயார்க் பக்கம். நடுவே மலையும் பாலைவனமும். ரயில் கிடையாது. கப்பலில் பனாமா போய், தரைவழியே அதைக் கடந்து, மறுபடி கப்பல் ஏற வேண்டும். வழியெல்லாம் திருட்டு பயம் வேறு.

ஹென்றி வெல்ஸ், வில்லியம் ஃபார்கோ என்ற இருவர் 1852இல் 'வெல்ஸ் ஃபார்கோ' கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் தராசுதான் உயிர்நாடி. தங்கத்தூளை நிறுத்துப் பார்த்து வாங்கிக்கொண்டு, அதன் மதிப்புக்கு ஒரு டிராஃப்ட் எழுதித் தருவார்கள். அந்தக் காகிதத்தை வீட்டுக்கு அனுப்பினால் போதும்; அதைக் காட்டி, நியூயார்க்கில் உள்ள குடும்பம் பணம் பெற்றுக்கொள்ளலாம். தங்கம் மொத்தமாகக் கப்பலில் பின்னால் போகும். வழியில் என்ன ஆகுமோ என்ற கவலை இனி கம்பெனியுடையது! எவ்வளவு அருமையான யோசனை, பாருங்கள்.

1855இல் கலிபோர்னியாவில் பெரிய பண நெருக்கடி வந்தது. பெயர் பெற்ற போட்டிக் கம்பெனியே நொடித்துப்போனது. வெல்ஸ் ஃபார்கோ சில நாள் கதவை மூடியது. மறுபடி திறந்து பணம் கொடுத்தது. மக்களின் நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்தது.

மலைப்பாதைகளில் அதன் தங்கம் இரும்புப் பட்டை அடித்த பச்சை மரப்பெட்டிகளில் குதிரை வண்டியேறிப் போனது. 'கான்கார்டு' என்ற அந்தக் குதிரை வண்டியின் அமைப்பே தனி. அதன் கூடு தடித்த தோல் வார்களின் மேல் தூளிபோல் தொங்கும். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வார்கள் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கூடு முன்னும் பின்னும் ஆடி நிற்கும். பயணிகளின் எலும்பு தப்பியது!

1869இல் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்தது. தொலைதூர வண்டிகளுக்கு வேலை குறைந்தது; பெட்டிகள் ரயிலேறின. 1905இல் கம்பெனியின் வங்கித் தொழில், பெட்டிகளைக் கொண்டுசேர்க்கும் எக்ஸ்பிரஸ் தொழிலிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1918இல், முதல் உலகப் போரின்போது, நாட்டின் எக்ஸ்பிரஸ் கம்பெனிகளை அரசு ஒன்றாக இணைத்தது. வங்கி மட்டும் தங்கியது, இன்றும் நடக்கிறது.

கொஞ்சம் மணலில் இரும்புத்தூளைக் கலந்து, தட்டில் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். எது முதலில் வழிந்தோடுகிறது, எது தங்குகிறது என்று நோட்டில் குறித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.