புல்லும் பூவும் கற்பிக்கும் கலை

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாள்களில், பங்கு ஆலய முற்றத்தில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "மருத்துவத்திற்கு இடம் கிடைக்கவில்லை, வேறு வழியின்றிப் பிள்ளையைத் தாவரவியலில் சேர்த்துவிட்டோம்" என்று பெற்றோர் குரலைத் தாழ்த்திக் கூறுவர். அருகில் நிற்கும் பிள்ளையோ, ஏதோ குற்றம் புரிந்தவன் போலத் தலை குனிந்து நிற்பான். செடி கொடிகளைப் பற்றிய கல்வி அத்துணைத் தாழ்வானதா? இக்கேள்விக்கு விடை காண, அக்கல்வி வளர்ந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

ஒரு கிழங்கும் பத்து லட்சம் உயிர்களும்

1845-ஆம் ஆண்டு. கத்தோலிக்க மக்கள் மிகுந்த அயர்லாந்து நாட்டில், ஏழைகளின் அன்றாட உணவு உருளைக்கிழங்கே. அவ்வாண்டு இலைகள் கருகின. மண்ணுக்குள்ளிருந்த கிழங்குகள் அழுகி நாறின. தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் அதே கொடுமை. ஆட்சியாளரின் அலட்சியமும் நிலவுடைமையின் கடுமையும் உடன் சேர, ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் பசியாலும் பசி கொணர்ந்த பிணியாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி நாட்டை விட்டகன்றனர்.

மழையும் குளிருமே கிழங்கை அழுகச் செய்தன என்று அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். செடியில் படர்ந்த பூஞ்சையே காரணம் என்று 1846-இல் எடுத்துரைத்தார் மைல்ஸ் பெர்க்லி என்னும் ஆங்கிலிக்கன் குரு. பலர் அதனை ஏற்கவில்லை. 1861-இல் ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி அதனை ஐயமற மெய்ப்பித்தார். அது பூஞ்சையை ஒத்த ஒரு நுண்ணுயிர் என்பது இன்றைய அறிஞர் முடிபு. தாவர நோயியல் என்னும் பிரிவு வலுப்பெற்றது இவ்வாறே. இன்று நம் உழவர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிக்கும் போர்டோ கலவை, 1885-இல் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் பிறந்து, பின்னர் உருளைக்கிழங்கையும் காத்தது.

1869-இல் இலங்கையில் தோன்றிய துரு நோய், அங்கிருந்த காப்பித் தோட்டங்களை இருபது ஆண்டுகளுக்குள் அழித்தொழித்தது. மலைச்சரிவுகளில் காப்பி போய்த் தேயிலை வந்தது. நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வையே மாற்றியது, இலையின் அடியில் படர்ந்த ஒரு பொடி!

மடங்களின் தோட்டத்திலே

இக்கல்வியின் தொடக்கம் மிகப் பழமையானது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ். அரிஸ்டாட்டிலின் மாணவரான அவர், தாவரங்களை மரம், புதர், சிறுபுதர், பூண்டு என நான்காகப் பிரித்தார். தாவரவியலின் தந்தை என அவரை உலகம் போற்றுகின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் டயோஸ்கொரிடிஸ் எழுதிய மூலிகை நூல், ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் மருத்துவர்களின் கையேடாக விளங்கிற்று.

இடைக்காலத்தில் துறவற மடங்களின் மூலிகைத் தோட்டங்கள் இவ்வறிவைக் காத்தன. சாமிநாதர் சபைத் துறவியான புனித பெரிய ஆல்பர்ட், பழைய நூல்களைப் படித்ததோடு நில்லாது, செடிகளைத் தம் கண்ணாலேயே கூர்ந்து நோக்கி எழுதினார். அவரை இயற்கை அறிவியலாரின் பாதுகாவலராகத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1941-இல் அறிவித்தார்.

16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பீசா, பதுவா நகரங்களில் கல்விக்கென்றே தாவரத் தோட்டங்கள் எழுந்தன. செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிக் காக்கும் வழக்கமும் அக்காலத்ததே. 1665-இல் இராபர்ட் ஹூக் நுண்பெருக்கியில் தக்கையைக் கண்டு, அதன் சிற்றறைகளுக்குச் 'செல்' எனப் பெயரிட்டார். 1753-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், ஒவ்வொரு தாவரத்திற்கும் இரு சொற்களாலான பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டினார்.

இப்பணியில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹார்ட்டஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் தொடக்கப் பணியில் கார்மேல் சபைத் துறவி மத்தேயு துணை நின்றார்; மூலிகை அறிவை வழங்கியவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். துறவியும் வைத்தியரும் ஒரே நூலுக்காக உழைத்தமை எண்ணி மகிழத்தக்கது. நம் நாளிலே, திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இராப்பினாட் உலர்தாவர நிலையத்தை நிறுவிய இயேசு சபைத் தந்தை கே. எம். மத்தேயு, தமிழகச் சமவெளியின் செடிகளையும் பழனி மலையின் செடிகளையும் பெருநூல்களாக எழுதி வைத்து, 2004-இல் மறைந்தார்.

முருங்கை மரத்தடியில்

இன்று இக்கல்வி பல கிளைகளாகப் பரந்துள்ளது. அவற்றைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கொல்லையில் நிற்கும் முருங்கையே போதும். அதன் இலை, பூ, காய் ஆகியவற்றின் வடிவை ஆராய்வது புறவமைப்பியல். தண்டைச் சீவி நுண்பெருக்கியில் நோக்குவது உள்ளமைப்பியல். வேர் உறிஞ்சிய நீர் உச்சிக் கொழுந்தை எட்டுவது எங்ஙனம், வெயிலில் இலை உணவு சமைப்பது எங்ஙனம் என வினவுவது செயலியல். அதன் இனத்தையும் குடும்பத்தையும் வரையறுப்பது வகைப்பாட்டியல். 'மொரிங்கா' என்னும் அதன் அறிவியற் பெயரே நம் 'முருங்கை'யிலிருந்து பிறந்ததன்றோ! மண்ணோடும் மழையோடும் பூச்சிகளோடும் அதற்குள்ள உறவை ஆய்வது சூழலியல். அதன் பிணிகளை ஆய்வது நோயியல். பயன்களை ஆய்வது பொருளாதாரத் தாவரவியல். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்களைப் படிப்பது தொல்தாவரவியல். தாயின் குணம் சேய்க்கு வருவது எவ்வாறு என ஆய்வது மரபியல். இந்த மரபியலின் தந்தை ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

தேர்வில் தவறிய துறவி

கிரகோர் மெண்டல் 1822-இல் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1843-இல் புரூன் நகரின் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்து, 1847-இல் குருப்பட்டம் பெற்றார். பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்த அவர், 1850-இல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தோற்றார். பின்னர் வியன்னா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1856-இல் மீண்டும் முயன்றும் தேறவில்லை.

அதே 1856-இல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆராயத் தொடங்கினார். எட்டு ஆண்டுகள், ஏறத்தாழ 28,000 செடிகள். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறை விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அடுத்த தலைமுறையில் கிடைத்த 7,324 விதைகளை அவர் பொறுமையாக எண்ணினார்: உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மறைந்து போனதாகத் தோன்றிய குணம் அழியவில்லை. உள்ளே ஒளிந்திருந்து, பேரப்பிள்ளைகளிடத்தே மீண்டும் வெளிப்பட்டது.

1865-இல் இம்முடிவுகளை அறிஞர் கழகத்தில் வாசித்தார். மறு ஆண்டு அவை அச்சேறின. அவற்றின் அருமையை உலகம் உணரவில்லை. 1868-இல் மடத்தின் தலைவராகித் தம் கடமைகளில் ஆழ்ந்த அவர், 1884-இல் இறைவனடி சேர்ந்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1900-இல் மூன்று நாட்டு அறிஞர் மூவர் தனித்தனியே அதே விதியைக் கண்டனர். பழைய ஏடுகளைப் புரட்டியபோது, மெண்டல் தங்களை முந்திவிட்டதை அறிந்தனர். இன்று நம் வயல்களில் விளையும் வீரிய ரக நெல்லும் கரும்பும் உருவாக, அவர் எண்ணிய அந்த விதைகளும் வழி திறந்தன.

தேர்வில் தவறியவர் என்று அத்துறவியைத் தள்ளியிருந்தால், இழப்பு எவருக்கு?

காட்டு மலர்களைக் கவனித்துப் பார்க்குமாறு நம் ஆண்டவர் மலைப்பொழிவிலே பணித்தார். அவ்வாறு கவனிப்பதே தாவரவியலின் முதற்பாடம். அழிந்துபோகும் உயிரினங்களை நம் பிள்ளைகள் ஒருபோதும் காண மாட்டார்கள் என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் வருந்தினார். பெயர் அறியாத செடியைக் காப்பவர் யார்?

ஆகவே, பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இக்கல்வியில் சேர்ந்தால், குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டாம். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், ஆலயத் தோட்டத்திலுள்ள செடிகளின் பெயர்களை உங்களுக்குச் சொல்லுமாறு அப்பிள்ளையைக் கேளுங்கள். குனிந்த தலை நிமிரக் காண்பீர்கள்.