கலங்கரை விளக்கம் பார்க்கப் போவோமா?

லீவு விட்டால் நெய்வேலிக்காரர்கள் போகிற இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வடலூர் சபை, சிதம்பரம் கோயில், பிச்சாவரம் படகு, புதுச்சேரி கடற்கரை. மூன்றாவது தடவை கிளம்பும்போது பெரியவர்களுக்கு முன்னால் குழந்தைகளுக்கே அலுத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக வேறு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கையில் காசும் என் கணவருக்கு ஷிப்ட் ஓய்வும் சேர்ந்து வரும்போது ஒரு கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

இதற்கு வித்திட்டவன் என் ஏழு வயதுப் பையன். எங்கள் வட்டத்தின் கடைசித் தெருவிலிருந்து பார்த்தால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். பகலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, இரவில் சிவப்பு விளக்கு. "அம்மா, அது லைட் ஹவுஸா?" என்று கேட்டான். சிரிக்க வேண்டிய கேள்வியே அல்ல. விமானம் ஓட்டுகிறவர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் புகைபோக்கிக்கு அந்தப் பட்டையும் விளக்கும். கடலில் வருகிறவருக்கும் அதே ஏற்பாடுதான். பகலில் கோபுரத்தின் வடிவத்தையும் வர்ணத்தையும் பார்த்து இது எந்த ஊர் என்று கண்டுகொள்வார். இரவில்? ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. இத்தனை விநாடிக்கு இத்தனை தடவை என்று அது சிமிட்டும். பக்கத்து ஊர் விளக்கின் கணக்கு வேறாக இருக்கும். மாலுமி எண்ணிப் பார்த்து ஊரைத் தெரிந்துகொள்வார்.

சிமிட்டுவது என்றேனே தவிர, பழைய முறை விளக்குகள் அணைந்து எரிவதில்லை. உள்ளே விளக்கு எரிந்தபடியேதான் இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் கூண்டுதான் சுழல்கிறது. ஒளிக்கற்றை நம் பக்கம் திரும்பும்போது மின்னல். தாண்டிப் போனதும் இருட்டு. வளையம் வளையமாகப் பட்டை தீட்டிய இந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் பிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர். 1823-ல் பிரான்சில் முதலில் பொருத்தினார்கள். நாலாபக்கமும் சிதறி வீணாகும் ஒளியை ஒன்றாகத் திரட்டி ஒரே திசையில் அனுப்புவதுதான் அதன் வேலை. டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடிக் கூண்டைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டிருந்தார்களாம். கையால் தள்ளினாலே சுற்றுமாம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கலங்கரை என்றால் கடற்கரை சம்பந்தப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்போமே, அந்தக் கரைதல்தான். கப்பலைக் கூப்பிடுகிற விளக்கு! புகார் நகரைச் சொல்லும் சிலப்பதிகாரத்திலேயே இந்தச் சொல் வருகிறது. அதற்கும் முந்திய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில் ஏணி வைத்து ஏறும் உயரமான மாடத்தில் இரவில் விளக்கேற்றியதைச் சொல்கிறது. அந்த ஊர் இன்றைய மாமல்லபுரம்தான் என்பது அறிஞர்கள் சிலரின் கருத்து.

நார்வே நாட்டின் முதல் கலங்கரை விளக்கம் 1656-ல்தான் லிண்டஸ்நேஸ் என்ற தென்முனையில் ஏற்றப்பட்டது. முதலில் மெழுகுவத்தி வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1725-ல் மறுபடி தொடங்கியபோது நிலக்கரியைக் கொளுத்தினார்கள். இதை வாசித்துக் காட்டியதும், "அட, நம்ம சரக்கு!" என்றார் சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் கணவர். அங்கே பாறைத் தீவுகளில் விளக்குக் காவலர்கள் மனைவி மக்களோடு குடித்தனம் செய்திருக்கிறார்கள். காய்கறியும் பாலும் படகில் வந்தால்தான் உண்டு. குளிர்காலப் புயலில் அதுவும் வராது. 2006-ல் கடைசிக் காவலரும் இறங்கிவிட்டார். இப்போது எல்லாம் தானியங்கி. சிலவற்றைப் பயணிகள் தங்கும் விடுதியாக்கிவிட்டார்கள், படகில் போய் இரவு தங்கலாம். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். டவுன்ஷிப் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் போகிற தூரத்திலேயே வேண்டியமட்டும் இருக்கின்றன. சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகப்பட்டினம், கோடிக்கரை என்று கடலோரம் வரிசையாக நிற்கின்றன.

முதல் தடவை கிளம்புகிறவர்கள் புதுச்சேரியில் ஆரம்பிக்கலாம். வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர், அங்கிருந்து புதுச்சேரி. காலையில் போய் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகில் இருக்கும் வெள்ளைக் கோபுரத்தை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1836 ஜூலை 1-ந் தேதி ஒளியேற்றிய விளக்கு அது. 1979 வரை எரிந்தது. அதே வருஷம் ஊரின் தென்புறம் உயரமான புதிய விளக்கம் வந்ததும் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால், ஓடுகிற வயதுக் குழந்தைகளை வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி.

ஏறிப் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு மாமல்லபுரத்துக்குத்தான். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் சென்னை பஸ்ஸில் ஏறவேண்டும். பல பஸ்கள் ஊருக்குள் போகாமல் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். கருங்கல் கோபுரம் குன்றின் மேல் நிற்கிறது. 1900-களின் தொடக்கத்தில் கட்டியது. அதைவிட விசேஷம் பக்கத்துப் பாறையின் உச்சியில் இருக்கிறது. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே ஒலக்கண்ணேசுவரர் கோயில். ராஜசிம்ம பல்லவன் காலத்தது. புதுக் கோபுரம் வருவதற்கு முன், 19-ஆம் நூற்றாண்டில், அந்தக் கோயிலின் தலையில்தான் கப்பல்களுக்கு விளக்கு வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கலாம்.

கோபுரத்துக்குள் படிகள் சுழன்று சுழன்று போகும். மேலே போகப் போகக் குறுகும். கடைசியில் குனிந்துதான் வெளி மாடத்துக்குப் போகவேண்டும். வெளியே வந்ததும் காற்று அறைகிற அறையில் முந்தானை, மூக்குக் கண்ணாடி, குழந்தையின் தொப்பி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள நமக்கு இன்னும் இரண்டு கை வேண்டும். புடவைக்காரர்கள் ஏறுவதற்கு முன்பே கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொள்ளுங்கள். சுழல் படியில் நடு அச்சின் பக்கம் கால் வைக்க இடமிருக்காது, சுவரோரமாகவே ஏறுங்கள். சாப்பிட்ட உடனே ஏற வேண்டாம். இருபது முப்பது படிக்கு ஒருமுறை நின்று, நெஞ்சுப் படபடப்பு அடங்கியபின் அடுத்த படி. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் கீழே பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்தால் ஓரளவு சரியாகும். கர்ப்பிணிகள், இருதயக் கோளாறு, இழுப்பு, முட்டிவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவதும் கூடாது. பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும், எதிரே ஆள் இறங்கினால் ஒதுங்க இடமில்லை. நானும் என் கணவரும் முறை போட்டுக்கொண்டோம். அவர் பையனோடு ஏறி இறங்கும்வரை நான் மரநிழலில் சின்னவளுக்குத் தயிர்சாதம் ஊட்டினேன். பிறகு நான் போனேன். ஐந்து நிமிஷம் யாரும் "அம்மா" என்று கூப்பிடாத இடத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்காகவே இன்னொரு தடவை ஏறலாம்!

ஏற முடியாதவர்களுக்கு என்ன வழி? சென்னை மெரினாவுக்குப் போங்கள். அங்கே லிப்ட் இருக்கிறது. ஒன்பதாவது மாடி வரை தூக்கிக்கொண்டு போய்விடும். சென்னைக்கு இது நாலாவது விளக்கம். 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் முதல் விளக்கை ஏற்றினார்கள். எரித்தது என்ன தெரியுமா? நம் தேங்காய் எண்ணெய். 1844-ல் அது உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள கல்தூணுக்கு மாறியது. அந்தத் தூண் இன்னும் நிற்கிறது. 1894-ல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சிக்கே போயிற்று. 1977 ஜனவரியில்தான் மெரினாவின் முக்கோணக் கோபுரம் வந்தது. பாதுகாப்பை முன்னிட்டுப் பல வருஷம் ஜனங்களை விடாமல் வைத்திருந்து, மாமல்லபுரத்தில் 2011-லும் சென்னையில் 2013-லும் மீண்டும் திறந்தார்கள். சென்னையில் திங்கட்கிழமை விடுமுறை. மத்தியானம் கொஞ்ச நேரம் மூடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுவது உத்தமம். கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூரிலிருந்து மின்சார ரயிலில் பூங்கா நிலையம் போய், அங்கே பறக்கும் ரயிலுக்கு மாறினால் 'கலங்கரை விளக்கம்' என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் ஆட்டோவில் போகவேண்டும்.

என் மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி. "கோபுரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் கீழே உட்கார்ந்திருக்கேன்" என்றவரை லிப்டில் ஏற்றிவிட்டோம். மேலே போனதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாந்தோம் தேவாலயக் கோபுரத்தையும், மறுபக்கம் நீளக் கிடக்கும் மணலையும் பார்த்தார். கடலில் எறும்பு போலப் படகுகள். "இதுக்கு அந்தாண்டை கரையே கண்ணுக்குத் தெரியலியே, இவ்ளோ தூரம் போயிட்டு எப்படிடி திரும்பி வரா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர், கடலூர் முதுநகரிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. இப்போதுதான் எல்லாப் படகிலும் ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டதே, இனி இந்த விளக்குகள் வெறும் வேடிக்கைக்குத்தானே என்று கேட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"என்னா பாப்பா இப்படிக் கேக்குற? பெட்டி நல்லாத்தான் வழி காட்டுது. தண்ணி பட்டா? பேட்டரி தீந்துட்டா? ஒருவாட்டி எங்க ஊட்டுக்காரரு போன படகுல பெட்டி அவுஞ்சி போச்சி. மழை இருட்டு. கரை எந்தப் பக்கம்னே தெரியல. ரொம்ப நேரம் கழிச்சி ஒரு வெளிச்சம் வெட்டிச்சாம். எண்ணிப் பாத்து, இது புதுச்சேரி விளக்கு இல்ல, நம்மூரு விளக்குன்னு தெரிஞ்சிக்கிட்டு அதைப் பாத்தே வந்திருக்காங்க. விடியக்காலம் வந்து சேந்தாரு. நான் ராத்திரி பூரா கரையிலதான் குந்தியிருந்தேன். அந்த விளக்கு என் தலைக்கு மேலேயும்தான் சுத்திச்சி. எனக்கு எண்ணத் தெரியாது. சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன்."

அன்று அவரிடம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாகக் கோடிக்கரை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பூங்குழலியின் அப்பா தியாகவிடங்கர் அங்கே கலங்கரை விளக்கத்துக் காவலர். கதை கற்பனை என்றாலும் சோழர் காலத்துச் செங்கல் விளக்கம் ஒன்று அந்தக் காட்டில் நிஜமாகவே நின்றது. ஏறக்குறைய ஆயிரம் வருஷம் காற்றுக்கும் புயலுக்கும் தாங்கியது, 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமியில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பது இடிபாடுதான். உயரமாக எதையாவது பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கதை படித்தவர்களும், கதை கேட்கிற வயதுக் குழந்தைகளும் ஏமாற மாட்டார்கள். இப்போது கப்பல்களுக்கு வழி காட்டுவது பிற்காலத்தில் கட்டிய விளக்கம்.

இதற்கு ஒரு நாள் போதாது. சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம் போய், இரவு தங்கி, காலையில் கோடிக்கரை பஸ்ஸில் ஏறுவது நல்லது. காடு 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் உள்ளே போகவேண்டும். வெளிமான் கூட்டத்தைப் பார்க்கலாம். நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போனால் பூநாரைகளும் வந்திருக்கும். ஆனால் அதுதான் புயல் மாதமும்கூட. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்தைத்தான் புரட்டிப் போட்டது. வானிலை அறிக்கையைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். உள்ளே கடை கண்ணி இல்லாததால் புளிசாதமும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் கையோடு இருக்கட்டும். கொசு பிடுங்கி எடுத்துவிடும். குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை மூடும் உடுப்பும் போட்டு அழைத்துப் போங்கள்.