தாத்தாவின் பழைய துப்பாக்கி: விலைக்கு முன் உரிமத்தைப் பாருங்கள்

கோலசிலாங்கூர்: தோட்ட வீட்டைக் காலி செய்யும்போது அலமாரிக்குப் பின்னால் தாத்தாவின் பழைய வேட்டைத் துப்பாக்கி கிடைத்தால், 'என்ன விலை போகும்?' என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, 'உரிமம் யார் பெயரில் இருக்கிறது?' என்பதே.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்குள்ள தென்னமரத்தில் தொடங்கியது. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் அழிக்கும் இவ்வட்டாரத்தில் 'செனாப்பாங் பாத்தா' எனப்படும் மடக்குத் துப்பாக்கி பலரும் அறிந்த ஒன்று.

பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் தயாரித்தவர் பெயர் இராது. விற்ற கடையின் பெயர்தான் இருக்கும். லண்டனின் ஆர்மி அண்ட் நேவி, கல்கத்தாவின் ரோடா ஆகிய கடைகள் பிறர் செய்த துப்பாக்கிகளைத் தங்கள் பெயரில் விற்றன. அமெரிக்காவின் சியர்ஸ் கடை விற்ற 'ஜே.சி. ஹிக்கின்ஸ்' மாடல் 20 துப்பாக்கியைச் செய்தது ஹை ஸ்டாண்டர்ட் நிறுவனம். அதன் மாடல் எண்ணின் தொடக்கத்தில் உள்ள 583 அதற்கு அடையாளம்.

ஒரே துப்பாக்கியானாலும், கடைப் பெயர் தாங்கியது பொதுவாகக் குறைந்த விலைக்கே போகும். குழலில் துரு, பள்ளம், கட்டையில் வெடிப்பு இருந்தால் மதிப்பு மேலும் குறையும். அழகாக்க நினைத்து மணல்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசினாலும் அப்படித்தான். பழைய பிரிட்டிஷ் 12 போர் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 2½ அங்குலம். இன்று பரவலாகக் கிடைக்கும் 2¾ அங்குலத் தோட்டாவை அதில் போட்டுச் சுடுவது ஆபத்து.

இவை எல்லாம் உரிமம் இருந்தால்தான் பொருந்தும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வழங்குபவர் மாநிலப் போலீஸ் தலைவர். அது பெயர் குறித்து வழங்கப்படுவது. வீடு, நகை போலத் தானாக வாரிசுக்கு வந்துவிடாது. சட்டவிரோதமாகச் சுடுகருவி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டுகள் வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கப்படலாம்.

ஆகவே, துப்பாக்கி கிடைத்தால் அதில் தோட்டா இருப்பதாகவே கருதுங்கள். தொடாமல், பிள்ளைகளை அண்டவிடாமல், உடனே போலீசுக்குத் தெரிவியுங்கள். காரில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். படமெடுத்து வாட்ஸ்அப்பில் விலை கேட்கவும் வேண்டாம். தாத்தாவின் பழைய உரிமத் தாளைத் தேடி எடுத்து வையுங்கள். விற்பதானாலும், உரிமம் மாற்றுவதானாலும் போலீஸ் அனுமதிக்குப் பிறகே. உரிமம் இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி சொத்து அல்ல, வழக்கு.